சில்லு வயலின்

கோப்பு நகரவில்லை.
ஒட்டுசுட்டான் பிரதேச செயலகத்தில்
எந்த மேசையில் அது படுத்திருக்கிறதென்று
ஒருவருக்கும் தெரியவில்லை.
ஒரு கிழமைக்கென்று பாரிசிலிருந்து வந்த ஆரபி
மாங்குளத்தில், என் சைக்கிள் கடைப் பின்னறையில்
ஏழாவது கிழமையும் வாடகைக்கு இருக்கிறாள்.

விமானத்தில் கைப்பிடி முறிந்த வாத்தியத்தைத்
துவாய் விரித்து வைத்து,
"அண்ணை, பெடல் கம்பி மாதிரி ஏதும் போட ஏலுமோ?" என்றாள்.
போட்டேன். காசு வேண்டாமென்றேன்.
"அப்ப பழகுங்கோ" என்றாள்.
அவளுக்கு வயது முப்பத்தொன்று,
அதில் பதினெட்டு வருடம் இதை வாசிக்கிறாள்.
எனக்கு நாற்பத்தேழு,
விசிலடிக்கவும் வராது.

பிரெஞ்சில் வியெல் என்று பேராம்.
காத்தடிக்க வருகிற பெடியள்
சில்லு வயலின் என்கிறார்கள்.
வில் இல்லை.
வயிற்றுக்குள் ஒரு மரச்சில்லு,
விளிம்பில் குங்கிலியம்,
நரம்பில் ஒரு துளி பஞ்சு.
பஞ்சு கூடினால் முணுமுணுக்கும்,
குறைந்தால் வாள் அறுக்கும்.
வெயில் ஏறினால் எல்லாம் பிழைக்கும்.
வன்னியில் வெயில் ஏறாத நாள் எது?

முதற் கிழமை கட்டைகளைத் தொட விடவில்லை.
சுத்துங்கோ, அவ்வளவுதான்.
சுத்தினேன்.
அவள் தலையைச் சரித்துக் கேட்டாள்,
பிறகு என் கையைப் பார்த்தாள்.
"இப்பிடிச் சீராச் சுத்த
மற்ற ஆக்களுக்கு ஒரு வருசம் பிடிக்கும்.
எங்கை பழகினியள்?"
"கோணின சில்லு நிமிர்த்திற கை" என்றேன்.
அது பாதி உண்மை.

தொண்ணூற்றிரண்டில் எனக்குப் பதின்மூன்று.
பற்றரி இல்லை, கரண்ட் இல்லை.
சைக்கிளைத் தலைகீழாய் நிறுத்தி,
டைனமோவில் வயர் கொழுவி,
ஆறேகால் செய்திக்கு நான் பெடலைக் கையால் சுத்துவேன்.
சுற்றிவர இருபது சனம்.
மெதுவானால் வாசிப்பவரின் குரல் கிணற்றில் இறங்கும்.
வேகம் கூடினால் கீச்சிடும்.
ஒரே சீராய்ச் சுத்தினால்தான்
அவர் மனிசர் மாதிரிக் கதைப்பார்.

மூன்றாம் கிழமை ஆரபி நாயைக் காட்டினாள்.
நாய் என்பது ஒரு சின்ன மரத்துண்டு,
ஒரு கால் ஊன்றி, ஒரு கால் தூக்கி
நரம்புக்கடியில் நிற்கிறது.
சுத்துகிற கை நடுவில் ஒரு வெட்டு வெட்டினால்
அது எழும்பி உறுமும்.
அந்த உறுமல்தான் தாளம்.
"வெட்டுங்கோ அண்ணை."
வெட்டவில்லை.
"மணிக்கட்டால, பட்டெண்டு."
மணிக்கட்டு கேட்கவில்லை.
இரண்டு கிழமை அந்த நாய் என்னிடம் படுத்தே கிடந்தது.
"சீராச் சுத்திறது பாதிதான்.
மிச்சம், நீங்களாக் குழப்பவேணும்" என்றாள்.

ஒருமுறை குழப்பியிருக்கிறேன்.
கையில் நுளம்பு கடித்தது,
ஒரு வெட்டு, அவ்வளவுதான்.
விமானங்கள் குண்டு போட்ட ஊரின் பேரில்
முன்பாதி விழுந்துபோய்
'குளம்' மட்டும் வந்தது.
வன்னியில் குளத்தில் முடியாத ஊர் எத்தனை?
இருபது சனமும் ஆளுக்கொரு குளத்தைச் சொன்னார்கள்.
மாமி ஒன்றும் சொல்லவில்லை,
செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு
தன் மகள் வாழ்க்கைப்பட்ட குளத்தை நோக்கி
இருட்டுக்குள் நடக்கத் தொடங்கினா.
எந்தக் குளமென்று
மறுநாள் மத்தியானம்தான் தெரிந்தது.

இதை ஆரபிக்குச் சொல்லவில்லை.
அவள் கேட்டது தாளம்.

இன்றைக்கு முதல் பஸ்ஸில் அவள் செயலகம் போய்விட்டாள்.
கடை திறக்க முன்னம்
கிறீஸ் கையைத் துடைத்து, மடியில் வாரைக் கட்டி,
சுத்தினேன். சுத்தினேன்.
பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு,
வெட்டினேன்.

உறுமிற்று.
மேசைக்கடியில் படுத்திருந்த உண்மையான நாய்
எழும்பி என்னைப் பார்த்துக் குரைத்தது.
அடிச்சுதி மட்டும்
ஒன்றும் நடக்காததுபோல் போய்க்கொண்டேயிருந்தது.
திரும்ப வெட்டினேன். திரும்பவும்.
ரியூப்போடு வந்து நின்ற பெடியன்
"அண்ணை, அது பழுதாப்போச்சோ?" என்றான்.

பின்னேரம் ஆரபி புழுதியோடு வந்து இறங்கினாள்.
கோப்பு கிடைத்துவிட்டதாம்,
காணி இலக்கம் பிழையாம்,
இன்னும் மூன்று கிழமையாம்.
"ஐயோ" என்றேன், மரியாதைக்கு.
பிறகு போய்ப் பஞ்சை எடுத்தேன்.